குத்துச்சண்டைக்காரனின் கணக்கு

எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மழைக்காலத்தில் காலைப் பற்றிக்கொண்டு விடாததும் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதுமான கரிசல் நிலத்தினூடே பிரயாணம் செய்கிறவர், ‘எப்போதும்வென்றான்’ என்று எழுதிய பெயர்ப் பலகையைக் கண்டதும், தோல்வியையே அறியாத அந்த மகாபுருஷன் யார் என்று ஒரு கணமேனும் யோசிக்காமல் அப்பால் செல்ல முடியாது. சோலைசாமி கோயிலால் சுற்றுவட்டாரத்தில் பிரசித்தி பெற்ற அந்த ஊரின் பெயர் என் மனத்தில் எழுப்பிய கேள்வி வேறு. ஒருவன் எப்போதும் வெல்வது சாத்தியந்தானா? அப்படியே வென்றாலும், அந்த வெற்றியின் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது?

இந்தக் கேள்விக்கு அந்த வட்டாரத்தின் சரித்திரமே ஒரு பதிலை வைத்திருக்கிறது. அவ்வூருக்கு அருகிலுள்ள பாஞ்சாலங்குறிச்சியை ஆண்ட கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்து கிடந்த மண்கோட்டையைச் சில நாட்களுக்குள் மறுபடியும் எழுப்பி, கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிகளுக்கு எதிரே மே மாதம் வரையில் தாக்குப்பிடித்து நின்றார். பிறகு கோட்டை வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் அவரும் தூக்குமேடை ஏறினார். ஆயினும் அவரை எதிர்த்துப் போரிட்ட படையிலே அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் வெல்ஷ், பிற்காலத்தில் தம் நினைவுகளை நூலாக எழுதியபோது, தம்மோடு நின்று வென்றவர்களைக் காட்டிலும் எதிரே நின்று தோற்ற ஊமைத்துரையைத்தான் மனமுருகிப் போற்றினார். கரிசல் பூமியின் வீரக் கணக்கில் யார் வென்றார் என்பதைவிட, யாருக்கு எதிரே எவ்வளவு நேரம் நின்றார் என்பதுதான் முதல் பத்தியாக இருந்து வந்திருக்கிறது.

ஆயுதங்கள் பறிக்கப்பட்ட பின்னரும் தேகப் பயிற்சியின் மீது தென்பாண்டிச் சீமைக்கு இருந்த மோகம் மட்டும் அழியவில்லை. கையில் வாளில்லாதவன் சிலம்பக் கம்பை எடுத்தான். ஊர் மந்தையிலே கிடந்த இளவட்டக்கல்லைத் தோளுக்குமேல் தூக்கி முதுகுப்புறமாக எறிந்து காட்டினான். ஆனால் தோல் கையுறை அணிந்து, கயிற்று வேலிக்குள், மூன்று நிமிஷச் சுற்றுகளாக இருவர் மோதிக்கொள்ளும் முறை, 1867இல் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் இங்கிலாந்தில் வெளியான விதிகளின்படி அமைந்தது. அது இந்நாட்டுக்குத் துறைமுகங்களின் வழியாகவும் பட்டாளங்களின் வழியாகவுமே வந்தது. அதை வடசென்னையின் துறைமுகத் தொழிலாளரும், ஆலைத் தொழிலாளரும், மீனவரும் தங்களுடையதாக ஆக்கிக்கொண்ட வரலாறு எந்தச் சரித்திரப் பாடத்திலும் இடம்பெறவில்லையே என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

அங்கே குத்துச்சண்டை பரம்பரை பரம்பரையாக வளர்ந்தது என்று சொன்னால் அது வெறும் அலங்கார வார்த்தையன்று. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று குருகுலங்களைப்போலப் பெயர் பெற்ற கூட்டங்கள் அங்கே உண்மையாகவே இருந்தன. பயிற்சி தருபவரை ‘வாத்தியார்’ என்றே அழைத்தார்கள். வாத்தியாரின் மானமே சீடனின் மானம். ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட சுவரொட்டிகளைக் கண்டு, நாட்கூலியில் மிச்சம் பிடித்த காசைக் கொடுத்து டிக்கெட் வாங்கி ஜனங்கள் கூடினார்கள். சார்பட்டா பரம்பரையின் கித்தேரி முத்து, டெர்ரி என்ற புகழ்பெற்ற சண்டைக்காரரை வீழ்த்திய செய்தி வடசென்னையில் இன்றளவும் வாய்மொழியாக வழங்கி வருகிறது. 1980இல் முகம்மது அலியே சென்னைக்கு வந்து, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். முன்னிலையில் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை செய்தபோது, ஒவ்வோர் அடியின் அர்த்தத்தையும் அறிந்து ரசிக்கக்கூடிய ஜனங்கள் நம் நகரத்தில் இருந்தார்கள். ஆனால் அதன் பிறகு டிக்கெட் வைத்து நடத்தும் சண்டைகள் அருகி மறைந்தன. 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்று பின்னர் அர்ஜுனா விருதும் பெற்ற சென்னை தேவராஜன், அமெச்சூர் துறையிலே அடைந்த கீர்த்திக்குப் பின் அதையே ஜீவனோபாயமாகக் கொண்டு மேலே செல்ல இங்கே ஒரு பாதை இருக்கவில்லை.

இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஹரியானாவின் பிவானி அருகேயுள்ள காலுவாஸ் கிராமத்தில், அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகனாக 1985இல் பிறந்த குத்துச்சண்டைக்காரர் விஜேந்தர் சிங்கின் கணக்கை நாம் பார்க்க வேண்டும். பிவானியில் ஜகதீஷ் சிங் என்ற வாத்தியாரிடம் பயின்ற அவர், 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் சுற்றோடு வெளியேறினார். 2008இல் பெய்ஜிங்கில், 75 கிலோ பிரிவில், ஈக்வடார் நாட்டு கொங்கோராவை 9-4 என்று வென்று அரையிறுதிக்குள் நுழைந்து, கியூபாவின் கொரயாவிடம் 5-8 என்று தோற்றபோதிலும், குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தார். மறு வருஷம் மிலானில் உலகப் போட்டி வெண்கலம். 2010இல் குவாங்சௌ ஆசிய விளையாட்டில் தங்கம். அந்தத் தங்கத்துக்காக அவர் 7-0 என்று வீழ்த்திய உஸ்பெகிஸ்தானின் அத்தோயவ், 2012இல் லண்டனில் 17-13 என்று பழிதீர்த்துக்கொண்டார்.

அதன் பின்னரே அவர் தொழில்முறைச் சண்டையில், சூப்பர் மிடில்வெயிட் பிரிவில் இறங்கினார். 168 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 76 கிலோ என்ற வரம்புள்ள இப்பிரிவு, மிடில்வெயிட்டுக்கும் லைட் ஹெவிவெயிட்டுக்கும் நடுவில் தத்தளித்தவர்களுக்காக ஏற்பட்டது. உலகப் பட்டமே 1984 முதல்தான் உண்டு. 2015 அக்டோபரில், 30 வயது பூர்த்தியாகச் சில நாட்களே இருந்தபோது, மான்செஸ்டரில் அவருடைய முதல் சண்டை நடந்தது. மணிக்கட்டில் தொடங்கி, கட்டைவிரலைச் சுற்றி, விரலிடுக்குகளில் நுழைத்து, முட்டிகளின்மேல் அடுக்கடுக்காகப் பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு, அதன்மேல் கையுறை மாட்டி அவர் இறங்கிய முதல் ஆறு சண்டைகளும் முழுச் சுற்றுகள் நடைபெறாமலே முடிந்தன. ஒருவராலும் அவருக்கு எதிரே இறுதிவரை நிற்க முடியவில்லை.

எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர் இங்கேதான் ஏமாந்துபோவார். அவரை உண்மையாகவே சோதித்த முதல் ஆள், 2016 ஜூலை 16இல் டெல்லி தியாகராஜ் ஸ்டேடியத்தில் எதிரே வந்த கெர்ரி ஹோப். முன்னாளில் ஐரோப்பிய மிடில்வெயிட் பட்டம் வைத்திருந்த அவரோடு பத்துச் சுற்றுகள் ஆடி, 98-92, 98-92, 100-90 என்று நடுவர் மூவரின் தீர்ப்பையும் பெற்று, ஆசிய பசிபிக் பட்டத்தை விஜேந்தர் கைப்பற்றினார். அவருடைய தொழில்முறை வாழ்வின் மிகச் சிறந்த இரவு அதுவே என்பது என் துணிபு. மறு வருஷம் ஆகஸ்டில் மும்பையில், சீனாவின் இளைஞர் சுல்பிகர் மைமைதியாலியை வென்றபோது நடுவர்களில் இருவர் கொடுத்த வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. டோக்லாம் எல்லையில் இரு நாட்டுப் படைகளும் முகத்துக்கு முகம் நின்ற நாட்கள் அவை. வென்ற பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடத் தயார், எல்லையில் அமைதி வேண்டும் என்று மேடையிலேயே அவர் சொன்னார். அந்தப் பெருந்தன்மையை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த ஒரு புள்ளி, கால்கள் தளரத் தொடங்கிவிட்டன என்பதையும் சொல்லிற்று.

2021 மார்ச் 19இல், கோவாவில் ஒரு கப்பலின் மேல்தளத்தில், தம்மைவிட ஒன்பது வயது இளையவரான ரஷ்யாவின் ஆர்திஷ் லொப்சானிடம் ஐந்தாவது சுற்றில் அவர் வீழ்ந்தார். 2022 ஆகஸ்டில் ராய்ப்பூரில் எலியாசு சுல்லியை இரண்டாவது சுற்றிலேயே சாய்த்ததையும் சேர்த்தால், 14 சண்டைகளில் 13 வெற்றி, ஒரே ஒரு தோல்வி.

இதே எடைப் பிரிவில் எப்போதும் வென்றான் என்று சொல்லத் தகுந்தவர் ஒருவர் உண்டு. வேல்ஸ் நாட்டின் ஜோ கால்சாகி, தந்தையையே வாத்தியாராகக் கொண்டு, 46 சண்டைகளில் 46ஐயும் வென்று 2009இல் ஓய்வு பெற்றார். அவரைக்கூட, 2006இல் ஜெஃப் லேசியையும் 2007இல் மிக்கெல் கெஸ்லரையும் வெல்லும் வரையில், யாரை வென்றுவிட்டார் என்றுதான் விமரிசகர்கள் கேட்டார்கள். விஜேந்தர் தோற்ற அதே 2021இல், மெக்ஸிகோவின் கனேலோ அல்வாரெஸ் இப்பிரிவின் நான்கு உலகப் பட்டங்களையும் ஒருங்கே சேர்த்தார். அந்த உயரத்தில் நின்ற ஒருவரோடும் விஜேந்தர் மோதியதில்லை. உலகப் பட்டத்துக்காக ஒருமுறையும் மேடை ஏறியதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. அமெச்சூர் துறையில் அவர் இந்தியாவின் தலைசிறந்தவர்களில் ஒருவர். தொழில்முறையில் திறமையாளர், ஆனால் காலம் கடந்து வந்தவர். 1985இல் பிறந்த தேகம் இனி உலகப் பட்டத்தைத் தொடும் என்று நம்புவதற்கு ஆதாரமில்லை. இந்தக் குறையை அவர்மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. இருபது வயதில் ஏறியிருக்க வேண்டிய படிக்கட்டு இந்த நாட்டில் இல்லாததால், அதைத் தேடி முப்பது வயதில் மான்செஸ்டருக்குக் கடல் கடந்து போனவர் அவர். வாத்தியாரும், வருஷக்கணக்கான பயிற்சியும், காசு கொடுத்துப் பார்க்கும் ஜனங்களும் ஒருங்கே இருந்த அப்படியொரு படிக்கட்டின் முதல் சில படிகள் ஒரு காலத்தில் ராயபுரத்திலும் புளியந்தோப்பிலும் இருந்தன.

அந்தச் சண்டைகளைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் சிலர் வடசென்னையில் உயிரோடு இருக்கிறார்கள். 2021இல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் வந்த பிறகு அவர்களைப் பலர் தேடிச் சென்று பேசவைத்தார்கள். அந்த ஆர்வம் அதற்குள் அடங்கிவிடலாகாது. யார் யாரோடு, எந்தத் திடலில், எத்தனை சுற்று ஆடினார்கள் என்பதை, வென்றவர் பெயரோடு தோற்றவர் பெயரையும் சேர்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது எழுதி வைக்கும்படி அந்தப் பகுதி இளைஞர்களை நான் மிகுந்த விநயத்தோடு கேட்டுக்கொள்கிறேன்.