கயிறு மாறிய பிறகு

பக்தியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு கணக்குப்பிள்ளையின் கண்ணோடு படித்தால் திருப்பெருந்துறைக் கதை ஒரு கொள்முதல் தகராறு. வாங்கச் சொன்னவர் பாண்டிய மன்னர். வாங்கப் போனவர் அமைச்சர் திருவாதவூரர். சரக்கு, கீழைக் கடற்கரையில் வந்து இறங்கும் குதிரைகள். பணம் முழுவதும் முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது, சரக்கு மட்டும் வந்து சேரவில்லை. போன இடத்தில் குருந்த மரத்தடியில் குரு கிடைக்க, குதிரைப் பணம் கோயில் பணமாகிவிட்டது. மன்னர் ஓலை அனுப்பிக் கேட்கிறார். "ஆவணி மூலத்தன்று வந்து சேரும்" என்று பதில் போகிறது. இன்று செல்பேசித் திரையில் பச்சை எழுத்தில் ஒரு தேதி மின்னுகிறதே, அதே மாதிரி ஒரு தேதி.

திருப்பெருந்துறை என்று மரபு சொல்லும் ஆவுடையார்கோயில், மீமிசலிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் உள்நாட்டில் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்கள் அந்தக் கோயிலின் கொடுங்கையைக் காட்டி, கல்லை மரம்போல இழைத்திருக்கிறான் பாருங்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கொடுங்கையிலும் ஒரு ஒப்பந்த விஷயம் உண்டு. பழைய ஸ்தபதிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, "ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி நீங்கலாக" எதுவானாலும் செய்து தருகிறோம் என்று எழுதிக்கொள்வார்களாம். முடியாததை முதலிலேயே சொல்லிவிடுவது. இன்றைய நிறுவனங்கள் நாற்பது பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதுவதை அவர்கள் ஒரு வரியில் முடித்திருக்கிறார்கள்.

கதைக்கு வருவோம். நரிகள் குதிரைகளாகி மதுரைக்கு வருகின்றன. குதிரைச் சேவகனாக வந்த இறைவன் மன்னரிடம் கயிறு மாற்றிக் கொடுக்கிறார். என்னைப் பொறுத்தவரை கதையின் சட்டப் புள்ளி இதுதான். கயிறு கை மாறிவிட்டால் விற்றவன் பொறுப்பு தீர்ந்தது, அதற்குமேல் குதிரைக்கு என்ன ஆனாலும் வாங்கியவன் பாடு. மாட்டுச் சந்தையில் இன்றைக்கும் கயிறு மாற்றித்தான் கொடுக்கிறார்கள். அன்றிரவே குதிரைகள் நரிகளாகி, லாயத்தில் இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிப்போயின. மன்னர் விற்றவனைத் தேடவில்லை. இடையில் நின்ற வாதவூரரைப் பிடித்து வைகை மணலில் வெயிலில் நிறுத்தினார். விற்றவன் முகவரி தெரியாதபோது, கைக்கு எட்டும் ஆள்மேல்தான் கோபம் போகும். கொரியர் பையனிடம் நாம் சத்தம் போடுவதும் இதே வகைதான்.

நரி குதிரையான செய்தி அப்பர் தேவாரத்திலேயே குறிப்பாக வருகிறது. வாதவூரர் காலம் பற்றிய சண்டை அதனால்தான் இன்னும் ஓயவில்லை, அதற்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது குதிரைக்குக் கொடுத்த காசு.

அந்தக் காசைப் பற்றி நம்மிடம் இருக்கும் துல்லியமான சாட்சி ஒரு பாரசீகர். வஸ்ஸாஃப் என்ற வரலாற்றாசிரியர், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். பாரசீக வளைகுடாவில் கிஷ் தீவிலிருந்து ஜமாலுத்தீன் என்ற பெருவணிகர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மாபாருக்கு, அதாவது பாண்டிய நாட்டுக் கரைக்கு, அனுப்பவேண்டும் என்று ஒப்பந்தம். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார். ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் இங்கே பாண்டியரிடம் அமைச்சர். அண்ணன் விற்கிறார், தம்பி வாங்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இப்படிப்பட்ட ஒப்பந்தம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? வழியில் குதிரை செத்தாலும் அதன் விலையை அரசர் கருவூலத்திலிருந்து கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை. வராத சரக்குக்கும் முழு விலை. திருப்பிக் கேட்கும் பேச்சே இல்லை.

இருநூறு ஆண்டு கழித்து விஜயநகரத்தில் இதே ஒப்பந்தம் இன்னும் வேடிக்கையாகிறது. போர்ச்சுக்கீசியக் குதிரை வணிகர் நூனிஸ் எழுதுகிறார்: சாளுவ நரசிம்மர் உயிரோடு வந்ததோ செத்ததோ, மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவ் என்று வாங்கிக்கொண்டார். கடலில் செத்த குதிரைக்கு வால் மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், காசு கிடைக்கும். ஆதாரம் காட்ட வேண்டியவன் விற்பவன், காட்ட வேண்டியது ஒரு வால். இன்று பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து அனுப்பு என்று வாங்குபவனிடம் கேட்கிறார்கள். வால் கைமாறிவிட்டது.

அரசர்கள் ஏன் இப்படி ஏமாளித்தனமாக வாங்கினார்கள்? ஏமாளித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. குதிரை இல்லாமல் போர் இல்லை, இந்த மண்ணில் குதிரை பெருகவும் இல்லை. இங்கே வரும் குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரியாமல் ஆண்டுக்குள் செத்துப்போகின்றன, லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை வணிகர்கள் வேண்டுமென்றே இங்கே வரவிடுவதில்லை என்று மார்க்கோ போலோ குறைப்படுகிறார். விற்பவன் கை ஓங்கிய சந்தையில் வாங்குபவன் அரசனே ஆனாலும் நிபந்தனை விற்பவனுடையதுதான்.

ஆனால் அதே மார்க்கோ போலோ, அதே மாபாரில், நேர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறார். 1290களில் சீனத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில் இந்தக் கரைக்கு வந்தவர் அவர். இங்கே ஒரு வழக்கம் உண்டாம். கடன்பட்டவன் இன்று நாளை என்று இழுத்தடித்தால், கடன் கொடுத்தவன் சமயம் பார்த்து அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவான். பணத்தைக் கொடுக்காமலோ, கொடுப்பதற்கு உறுதி சொல்லாமலோ அவன் வட்டத்தை விட்டு வெளியே கால் வைக்கக்கூடாது. வைத்தால் மரண தண்டனை. அரசரே ஒரு வெளிநாட்டு வணிகருக்குப் பணம் தர வேண்டியிருந்தது. பலமுறை கேட்டும் தவணை சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் அரசர் குதிரைமேல் நகரில் போகும்போது, வணிகர் குதிரையையும் சேர்த்துச் சுற்றி வட்டம் கீறிவிட்டார். அரசர் நின்றார். பணம் வந்து வணிகர் திருப்தியாகும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இதைத் தானே பார்த்ததாக மார்க்கோ போலோ சொல்கிறார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியப் பயணி வர்தேமா, கள்ளிக்கோட்டையில் பச்சைக் கிளையால் வட்டம் கீறிக் கடன் கேட்கும் இதே வழக்கத்தைத் தனியே எழுதியிருக்கிறார். ஒருவர் கட்டிய கதை என்று தள்ளிவிட முடியாது.

வட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று: அதில் நேரம் யார் பக்கம் இருக்கிறது? இழுத்தடிப்பவனுக்கு நேரம்தான் லாபம். வட்டம் கீறியதும் அந்த நேரம் அவனுக்கே செலவாகிவிடுகிறது. வட இந்தியாவில் கடன்காரன் வீட்டு வாசலில் பட்டினி உட்காரும் 'தர்ணா'வும் இதே தர்க்கம்தான். வெள்ளைக்காரனுக்கு அது பிடிக்கவில்லை. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 508ஆம் பிரிவில், தெய்வ கோபத்துக்கு ஆளாக்குவதாக ஒருவனை நம்பவைத்துக் கட்டாயப்படுத்துவது குற்றம் என்று எழுதி, உதாரணமாக வாசலில் தர்ணா இருப்பதையே காட்டினார்கள். நம் 'மறியல்' என்ற சொல்லும் ஆளை நகரவிடாமல் நிறுத்துவதுதான். யாழ்ப்பாணத்தில் மறியல் என்றால் சிறை.

வாங்கிய பொருளைத் திருப்பித் தருவதற்கு நாள் கணக்கு வைத்ததும் புதிதல்ல. அர்த்தசாஸ்திரம் வணிகருக்கு ஒரு இரவு, உழவருக்கு மூன்று இரவு, மாடு மேய்ப்பவருக்கு ஐந்து இரவு என்று தருகிறது. மனு பத்து நாள் தருகிறார். நம் கல்வெட்டுகளில் நில விற்பனை ஆவணங்கள் விலைப்பொருளைக் 'கைச்செலவற' வாங்கிக்கொண்டோம் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகும். விற்றவன் கைக்கு வந்ததும் வாங்கியவன் கையை விட்டதும் ஒரே கணம். பணம் நடுவழியில் எங்கோ இருக்கிறது என்ற நிலை அந்த வாக்கியத்தில் கிடையாது.

அந்த நடுவழியை நமக்குக் கொண்டுவந்தது தபால். ஆனால் தபால்காரர்கள் யோசித்துத்தான் செய்தார்கள். 1877இல் இந்தியத் தபால்துறை வி.பி.பி. முறையைத் தொடங்கியது. பார்சல் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு பணம் கட்டினால் போதும், தபால்துறை வாங்கி விற்றவருக்கு அனுப்பிவிடும். வேண்டாமென்றால் பார்சல் திரும்பிப் போகும். பணம் நம் மடியைவிட்டு இறங்கியிருக்காது, திருப்பிக் கேட்கும் தேவையும் இல்லை. ஜவுளி, லேகியம், புத்தகம் எல்லாம் கிராமத்துக்கு இப்படித்தான் வந்தன. 2010இல் ஃபிளிப்கார்ட் 'வீட்டில் காசு' முறையைக் கொண்டுவந்தபோது புதுமை என்று கொண்டாடினார்கள். அது வி.பி.பி.யின் பேரன். பிறகு செல்பேசியிலேயே பணம் கட்டும் வசதி வந்ததும், சத்தமில்லாமல் நாம் குதிரை வாங்கும் மன்னர் இடத்துக்குத் திரும்பிவிட்டோம். காசு முதலில், சரக்கு ஆவணி மூலத்தன்று.

போன வருடம் மீமிசல் கடைத்தெருவில் ஒரு செல்பேசிக் கடையில் நின்றிருந்தேன். கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர், எனக்கு அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடும் பழக்கம், கடைக்காரப் பையனிடம் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னதான்டா சொல்றான் அவன்?" தடைக்காலத்தில், மே மாதம், படகுக்கு ஜி.பி.எஸ். கருவி ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறார், 11,400 ரூபாய். ஜூன் 14இல் தடைக்காலம் முடியும், அதற்குள் வேண்டும். வரும் தேதி தள்ளிக்கொண்டே போனதால் நாலாம் நாள் ரத்து செய்துவிட்டார். இந்தக் கடலில் ஜி.பி.எஸ். அலங்காரம் அல்ல. இருட்டில் எல்லைக்கோடு தெரியாமல் போனால் படகும் போகும், ஆளும் இலங்கைச் சிறையில் இருப்பார், அதாவது அங்கத்துத் தமிழில் மறியலில்.

"பணம் அனுப்பியாச்சு, பேங்கைக் கேளுங்க" என்றது கம்பெனி. "வரலையே, அவங்களைக் கேளுங்க" என்றது பேங்க். பத்தொன்பதாம் நாள்தான் பையன் கண்டுபிடித்தான்: பணம் அந்தச் செயலியின் வாலட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ரத்து செய்யும்போது அந்தக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். "நான் எப்படா வாலட்டைக் கேட்டேன்?" என்றார் அண்ணன். நல்ல கேள்வி. இந்திய ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் இடைநிலைப் பணம் செலுத்தும் நிறுவனங்களுக்குக் கொடுத்த நெறிமுறை, வாடிக்கையாளர் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே திரும்ப வேண்டும் என்கிறது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா நிறுவனத்துக்குப் போட்ட உத்தரவும் இதையொட்டித்தான்: கூப்பனா, வங்கிக் கணக்கா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைப் பயணிக்குக் கொடு என்றது.

காலத் தாமதத்துக்கு என்ன விலை என்பதில்தான் சட்டம் நழுவுகிறது. 2019 செப்டம்பர் 20ஆம் தேதிச் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி, யு.பி.ஐ.யில் பணம் கழிந்தும் கடைக்காரருக்குப் போய்ச் சேராவிட்டால் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் என்று வைத்தது. ஆனால் அது தோற்றுப்போன பரிமாற்றத்துக்கு. பரிமாற்றம் ஜெயித்து, பிறகு ஆர்டரை ரத்து செய்தால் அந்த நூறு ரூபாய் கிடையாது. 2020இன் மின்வணிக விதிகள் அங்கே 'நியாயமான காலத்துக்குள்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. யாருக்கு நியாயமான காலம்?

ஒரே ஒருமுறை தாமதத்துக்குச் சதவீதம் போட்டதை நான் பார்த்தேன். கொரோனா ஊரடங்கில் ரத்தான விமானச் சீட்டுகளுக்கு. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் எங்கள் கடற்கரையில் இதில் சிக்காத தெருவே இல்லை எனலாம். 2020 அக்டோபர் 1இல் உச்ச நீதிமன்றம், ஊரடங்கு நாட்களில் அதே ஊரடங்கு காலப் பயணத்துக்கு வாங்கிய சீட்டுக்கு முழுப்பணத்தையும் உடனே கொடு என்றது. மற்றவற்றுக்கு, கையில் காசில்லாத நிறுவனம் பணத்தை வரவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஜூன் வரை மாதம் 0.5 சதவீதமும் அதன்பின் 0.75 சதவீதமும் ஏறும் என்றது. அதற்குப் பிறகும் ஒரு பயணச்சீட்டு இணையதளமான யாத்ராவில் 2021 நிலவரப்படி 26 கோடி ரூபாய்க்கு மேல் நிலுவை இருந்தது. 2024 ஜூனில் ஆணையம் உத்தரவு போடும்போதும் இரண்டரைக் கோடி பாக்கி.

அண்ணன் கணக்குக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். 0.75 சதவீதம் என்றால் 11,400க்கு மாதம் 85 ரூபாய் 50 காசு. அவர் அந்தப் பணத்தை மூணு வட்டிக்கு வாங்கியிருந்தார், மாதம் 342 ரூபாய்.

1915க்குப் போன் போட்டோம். தமிழிலேயே பேசினார்கள், புகார் பதிவானது. அதோடு நிற்காவிட்டால் என்ன செய்வது என்றும் அவரிடம் சொன்னேன். 1986இன் சட்டத்தில், கம்பெனி இருக்கும் ஊருக்கோ தகராறு முளைத்த ஊருக்கோ போய்த்தான் வழக்குப் போட முடியும். பெங்களூரா மும்பையா என்ற சண்டையிலேயே பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். 2019இன் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. மீமிசல்காரர் புதுக்கோட்டை ஆணையத்தில் போடலாம், கம்பெனி எங்கிருந்தாலும் புதுக்கோட்டைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். மார்க்கோ போலோ பார்த்த வட்டத்துக்கு ஓரளவு கிட்டே வருவது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

"புதுக்கோட்டைக்குப் போய்ட்டு வர ஒரு நாள் போயிரும் தம்பி, கடலுக்குப் போகாத நாளை எவன் குடுப்பான்?" என்றார்.

அது தேவைப்படவில்லை. புகார் கொடுத்த ஒன்பதாம் நாள் அசல் மட்டும் வங்கிக் கணக்கில் ஏறியது. அதற்குள் தடைக்காலம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவர் இன்னொரு கைமாற்று வாங்கி, ராமேஸ்வரத்தில் ஒரு கடையில் ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துக் கருவியை வாங்கிப் படகில் மாட்டியும் விட்டார். பில் வாங்கினீர்களா, கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"கடை அங்கனதானே இருக்கு. போய் வாசல்ல நின்னா குடுத்துருவான்" என்றார்.