தேனிக்கு வந்த நெடுந்தூர வைஃபை

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். புரை முற்றிய கிராமத்து முதியவர் நகரத்துக்கு வந்து சேருவது அன்று எளிதாக இல்லை. பஸ் செலவு, துணைக்கு ஓர் ஆள், அந்த ஆளின் ஒருநாள் கூலி என்று எல்லாம் சேர்ந்துகொள்ளும். கண் முகாம்கள் பெரிய உதவிதான். ஆனால் முகாம் போடும் நாளில்தான் வைத்தியம். ஆண்டு முழுவதும் ஊருக்கு அருகிலேயே சோதனை நடக்க வேண்டுமானால், சிறு மையத்தையும் மருத்துவமனையையும் இணைத்தாக வேண்டும்.

2001 வாக்கில் மேலூர் வட்டாரத்தில் ஒரு வழி பிறந்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையைக் கொண்டு கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். அங்கே வெப்கேமராவில் கண்ணைப் படமெடுத்து அரவிந்துக்கு மின்னஞ்சல் செய்ய முடிந்தது. நொடிக்கு 35 முதல் 70 கிலோபிட் வரைதான் வேகம். படம் போய்ச் சேரும். மருத்துவர் நோயாளியின் முகம் பார்த்துப் பேச அது போதாது. செயற்கைக்கோள் இணைப்போ சிறு மையத்தின் வரவுக்குக் கட்டுப்படியாகாதது.

2005இல் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கட்டடத்துக்கு வெளியிலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. வீட்டுக்குள் பயன்படும் வைஃபை அட்டையையும் தட்டு ஆண்டெனாவையும் கோபுரத்தில் ஏற்றிப் பல கிலோமீட்டர் தாண்டலாம் என்ற யோசனையோடு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் குழு வேலை செய்துகொண்டிருந்தது. அதற்குக் களமானது தேனியில் இருந்த அரவிந்த் மருத்துவமனை.

அலை எட்டியது, ஆனால் வேகம் படுத்துவிட்டது. வைஃபை ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் அனுப்பிய பிறகு பதிலுக்குக் காத்திருக்கும், ஒவ்வொரு வரிக்கும் 'உம்' கேட்டால்தான் மேலே போகும் கதைசொல்லியைப் போல. 15 கி.மீ. தொலைவைக் கடக்க அலைக்கு 50 மைக்ரோநொடி ஆகிறது. அதற்குள் பொறுமையிழந்த கருவி, பொட்டலம் தொலைந்ததாக எண்ணி அதையே மறுபடி அனுப்பும். ப்ரூவர் குழு கருவியை மாற்றவில்லை, மென்பொருளை மாற்றியது. இரு முனைகளும் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு முறைவைத்துப் பேசின. பதில்கள் மொத்தமாகத் திரும்பின. 2007இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியெத்ரோசெமோலி இரண்டு மலைகளுக்கு நடுவே 382 கி.மீ. தூரத்தை வைஃபையால் கடந்தபோது, அங்கேயும் இந்த மென்பொருள் சோதிக்கப்பட்டது.

2006இல் தேனி மருத்துவமனை ஐந்து சிறு மையங்களோடு இணைந்திருந்தது. பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியிடம் நேராகப் பேசுவார். பெரும்பாலோருக்குக் கண்ணாடியோ சொட்டு மருந்தோ போதும். அறுவை தேவைப்படுகிறவர் மட்டும் பஸ் ஏறினால் போதும் என்றானது. மருத்துவ வரலாற்றில் இதைச் சின்ன மாற்றம் என்று சொல்லிவிட முடியாது.

இதில் மலிவானது வைஃபை ரவுட்டர் பெட்டி மட்டுமே. கோபுரத்துக்கு ஆன செலவு அதைவிட அதிகம். அதற்கும் மேலே, மின்சாரம் தந்த தொல்லை. 1000 வோல்ட் வரை எகிறும் மின்பாய்ச்சலை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மின்னழுத்தம் குறையும்போது ரவுட்டர் பாதியில் எழும்பித் திணறி நின்றுவிடும். நினைவக அட்டைகள் கெட்டுப்போகும். மின்னழுத்தம் தாழ்ந்தால் தானே மின்னிணைப்பைத் துண்டிக்கும் சுற்றுகளைச் சேர்த்தார்கள். 2008இல் குழு வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், வேகத்தைவிட இந்தப் பழுதுகளுக்கே முதலிடம். அந்த வரிசை சரியானது. சோதனை முயற்சியாகத் தொடங்கிய எத்தனையோ கிராம இணைப்புகள், நிபுணர்கள் ஊர் திரும்பியதும் செத்துப்போயின. தேனியில் அப்படி நடக்கவில்லை. பழுதைக் கண்டுபிடிக்கவும் பெட்டியைக் கழற்றி மாட்டவும் மருத்துவமனை ஊழியர்களே பழகிக்கொண்டார்கள்.

பின்னாளில் பிராட்பேண்டும் செல்பேசி இணையமும் கிராமங்களை எட்டின. அரவிந்தின் கண் பரிசோதனை மையங்கள் இப்போது நூற்றைத் தாண்டிவிட்டன.