கறுப்பு வட்டம்

அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகப் படத் தொகுப்பு ஒன்றைச் சில இரவுகளாகத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வயல். வானத்தின் நடுவில் கன்னங்கரேலென்று ஒரு துல்லியமான வட்டம். பிறகு வந்த ஒரு படத்தில் அதே வட்டம் ஒருவனுடைய கன்னத்தில். ஸ்கேன் செய்த இயந்திரத்தின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன்.

கோளாறு அல்ல, தீர்ப்பு. 1935இலிருந்து குடியானவர் மறுவாழ்வுக்கான அமெரிக்க அரசு இலாகா (1937இலிருந்து அதன் பெயர் ஃபார்ம் செக்யூரிட்டி அட்மினிஸ்ட்ரேஷன்), பொருளாதார மந்த காலத்துக் கிராமங்களைப் படமெடுக்க வாக்கர் எவன்ஸ், டொரோத்தியா லாங், பென் ஷான் போன்றவர்களை அனுப்பியது. படப்பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் பொருளாதார ஆசிரியராக இருந்தவர், புகைப்படக்காரரல்ல. வேண்டாம் என்று அவர் ஒதுக்கிய நெகடிவில் ஓட்டை விழும். எடுத்தவர்கள் எதிர்த்தார்கள். முப்பதுகளின் இறுதியில்தான் இந்தப் பழக்கம் ஓய்ந்தது. நம் ஆசிரியர்களும் நிராகரிக்கிறவர்கள்தாம். ஆனால் கைப்பிரதி திரும்பி வந்துவிடுகிறது, அதிகபட்சம் ஒரு காப்பிக் கறையோடு.

1944இல் தொகுப்பு நூலகத்துக்கு வந்தது. பால் வாண்டர்பில்ட் என்பவர் அச்சிட்ட படங்களைப் பிரதேசவாரியாகவும், அதற்குள் பொருள்வாரியாகவும் பிரித்து அடுக்கினார். ஒரே பிற்பகலில் ஒரே தெருவில் எடுத்தவை வீடு, வேலை, மனிதர் என்று வெவ்வேறு இழுப்பறைகளுக்குச் சிதறின. மூல வரிசை மைக்ரோபிலிமில் இருந்தது. ஆனால் கைக்கு எளிதில் எட்டியது இழுப்பறைதான். அச்சிடப்படாதது அங்கே இல்லவே இல்லை.

1990களில் கணினிக்கு மாற்றத் தொடங்கியபோது நூலகம் ஸ்கேன் செய்தது நெகடிவ்களை, சுமார் 1,70,000. அச்சுப்படியைவிட நெகடிவில் விவரம் அதிகம். நைட்ரேட் பிலிமோ தானாகவே சிதையக்கூடியது. காரியார்த்தமான காரணங்கள்தாம். நிராகரிக்கப்பட்டவற்றுக்கு நியாயம் வழங்கும் எண்ணம் இதில் முன்கூட்டியே இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. என்றாலும் ஸ்ட்ரைக்கரின் தேர்வு கலைந்தது. துளை என்பது நெகடிவில் வெறும் வெளி. வெளிச்சம் தடையின்றிப் பாய்கிறது. பாஸிடிவில் அதனாலேயே அது கறுப்பு. பார்க்கவிடாமல் அடிக்க இட்ட குறியில்தான் இன்று கண் முதலில் விழுகிறது.

வில்லியம் ஈ. ஜோன்ஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் 2010இல் நிராகரிக்கப்பட்ட இப்படங்களைக் கொண்டே ஒரு புத்தகம் செய்தார். துளை இப்போது அழகாகிவிட்டது. எனக்கு அதில் சங்கடம் உண்டு. கன்னத்தில் வட்டம் விழுந்தவன் மறுபடியும் வட்டத்துக்குப் பின்னால் போய்விடுகிறான்.

அவனைப் பற்றிச் சொல்ல வார்த்தையும் இல்லை. விவரக்குறிப்பு அச்சுப்படியோடு சேர்ந்தது. அச்சாகாத நெகடிவுக்கு அது கிடையாது. நூலகப் பட்டியல்காரர்கள் பக்கத்து எண்ணின் குறிப்பைக் கடன் வாங்கி, 'தலைப்பற்ற படம், ஒருவேளை இதனுடன் தொடர்புடையது' என்று போட்டிருக்கிறார்கள். அந்த 'ஒருவேளை'யை மதிக்கிறேன். தேடுகிறவன் அவசரத்தில் முதலில் உதிர்ந்துபோவதும் அதுதான். என் குறிப்பேட்டைப் புரட்டினேன்: மூன்று இடங்களில் ஊரை எழுதியிருந்தேன், 'ஒருவேளை'யை எழுதவில்லை.

அண்டை எண்களைப் பார்க்க அங்கே ஒரு வசதி உண்டு. அழுத்தினேன். எடுத்தவர் நடந்த வரிசையில் படங்கள் வந்தன: வாசல், நாய், ஒரு பெண்ணின் முதுகு, பிறகு அவன், துளையில்லாமல், சற்றே முகம் திருப்பி. அந்தப் படத்துக்குக் குறிப்பு இருந்தது. மாவட்டத்தின் பெயர், மாநிலம், ஆண்டு. அவன் பெயர் இல்லை.