தாத்தாவின் வெப்ளியும் ஒரு உடைந்த ஸ்பிரிங்கும்

எல்லார் வீட்டிலும் தாத்தா சொத்து என்று நிலமோ, வெள்ளிக் கூஜாவோ இருக்கும். எங்கள் குடும்பத்துக்கு வந்தது ஒரு ரிவால்வர். தாத்தா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர். அவருக்கப்புறம் பெரியப்பா லைசென்ஸ் வைத்திருந்தார். பெரியப்பா போனபிறகு அது ஆயுத வியாபாரி ஒருவரிடம் டெபாசிட்டில் இருக்கிறது, உள்ளே மெயின் ஸ்பிரிங் உடைந்தபடி. "ஒரு ஸ்பிரிங்தானே தம்பி, எங்கயாவது கிடைக்காதா? இல்லைன்னா உடைஞ்சது உடைஞ்சபடியே ஷோகேஸ்ல வெச்சிடலாம். ஓடாத துப்பாக்கிக்கு யார் லைசென்ஸ் கேக்கப் போறா?" என்பது பெரியப்பா மகனின் வாதம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கு இல்லையா? பதில் சொல்ல கொஞ்சம் சரித்திரம் வேணும்.

முதல் வேலை, இது என்ன துப்பாக்கி என்று தெரிந்துகொள்வது. நம் ஊரில் பழைய ரிவால்வர் என்றாலே 'வெப்ளி' என்று சொல்லிவிடுவார்கள். பெயர் மட்டும் போதாது. பர்மிங்காமைச் சேர்ந்த வெப்ளி கம்பெனியின் ரிவால்வரை பிரிட்டிஷ் ராணுவம் 1887-ல் ஏற்றுக்கொண்டது. அதுதான் மார்க் 1. கம்பெனி 1897-ல் வெப்ளி அண்ட் ஸ்காட் ஆனது. 1899-ல் மார்க் 4, 1913-ல் மார்க் 5, முதல் உலகப்போர் நடுவே 1915-ல் மார்க் 6. எல்லாமே .455 காலிபர். எல்லாமே நடுவில் மடங்கித் திறப்பவை. திறந்தால் காலித் தோட்டாக்கள் தானாக வெளியே தள்ளப்படும்.

மார்க் 5 வரை கைப்பிடி பறவை அலகு மாதிரி வளைந்திருக்கும். மார்க் 6-ல் சதுரமாகி, குழல் ஆறு அங்குலமாக நீண்டுவிட்டது. எங்களுடையதில் இடது பக்கம் வெப்ளி, மார்க் 6, பேடன்ட்ஸ், 1917 என்று வரிவரியாகப் பொறித்திருக்கிறது. ஆக சந்தேகமில்லை. இதே மார்க் 6-ஐ 1920-களில் என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையும் செய்தது. அவற்றில் என்ஃபீல்டு பெயர் இருக்கும்.

பெயரே இல்லாத ரிவால்வர்கள் தனிக்கதை. 1872-ல் வெப்ளி கொண்டுவந்த 'புல்டாக்' என்ற குட்டி ரிவால்வரை பெல்ஜியத்தில் கண்டபடி காப்பி அடித்தார்கள். (1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டது புல்டாக் வகைதான்.) இங்கே முத்திரைதான் சாட்சி. முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி என்ற எழுத்துகளும் நட்சத்திரமும் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சோதிக்கப்பட்டது. அதன்மேல் கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிந்தையது. அந்தக் காப்பிகள் கையால் ராவி ராவிச் செய்தவை. ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று நம்பமுடியாது.

சரி, ஸ்பேர் மேட்டருக்கு வருவோம். வெப்ளி கம்பெனி துப்பாக்கி தயாரிப்பை 1979-ல் நிறுத்தியது. "அதே மாதிரி இருக்கே" என்று வேறொன்றின் பாகத்தை மாட்டவும் முடியாது. 1930-களில் வந்த .38 என்ஃபீல்டு நம்பர் 2-ம், வெப்ளியின் .38 மார்க் 4-ம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே விசை அமைப்பு வேறு, பாகங்கள் மாறாது. தன் டிசைனைத்தான் என்ஃபீல்டு எடுத்துக்கொண்டது என்று வெப்ளி பிரிட்டிஷ் அரசோடு மல்லுக்கட்டி, கடைசியில் 1,250 பவுண்டு வாங்கியது. நம்ம கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வரும் வெப்ளி .38 வம்சம்தான். .455-க்கு அது உதவாது.

அமெரிக்காவுக்குப் போன மார்க் 6-கள் பலவற்றின் கதை இன்னும் சோகம். .455 தோட்டா அங்கே சுலபத்தில் கிடைக்காததால், .45 தோட்டா போடுவதற்காக சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவிவிட்டார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் இந்தத் துப்பாக்கி தாங்க வேண்டியதைவிட அதிகம். அங்கிருந்து சிலிண்டர் வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

இவ்வளவுக்கும் நடுவில் மார்க் 6-ன் V வடிவ மெயின் ஸ்பிரிங் செய்யமுடியாத பொருள் அல்ல. விவரம் தெரிந்த, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் எஃகில் வளைத்து, பதம் போட்டுக் கொடுத்துவிடுவார்.

வினையே அங்கேதான் இருக்கு.

1959-ம் வருட ஆயுதச் சட்டம், 45-ம் பிரிவு. பழங்கால மாடல் அல்லது தொல்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு உண்டு, பழுதடைந்ததற்கும் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது துப்பாக்கியாகப் பயன்படவே கூடாது. 'செய்தாலும்' என்ற அந்த ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். ஸ்பிரிங் போட்டால் சுடும் என்றால், ஸ்பிரிங் இல்லாமல் இருக்கும்போதும் அது துப்பாக்கிதான்! அலங்காரப் பொருள் ஆகாது. அதுவும் .455 தடைசெய்யப்பட்ட காலிபர், மத்திய அரசு அனுமதி வேண்டும். லைசென்ஸ்காரர் இறந்தால் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது 21-ம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

ஆக வரிசை இதுதான்: முதலில் வாரிசு லைசென்ஸ், அப்புறம் ஸ்பிரிங். லைசென்ஸ் கிடைக்கவில்லை என்றால் இரண்டே வழி. உரிமை உள்ளவருக்கு விற்கலாம். இல்லை, முறைப்படி நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யலாம். இரண்டாவதைச் செய்தால் 1917-லிருந்து பிழைத்து வந்த ஒரு மெஷினை நாமே கொன்றதாக ஆகும். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. யாரோ பராமரிக்கத் தெரிந்தவர் கையில் முழுசாக இருக்கட்டும் என்பது என் கட்சி. குடும்பத்தில் இன்னும் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருந்தால், தயவுசெய்து பிரம்மாஸோ, உப்புத்தாளோ போட்டுத் தேய்க்காதீர்கள். முத்திரையும் நம்பரும்தான் அதன் ஜாதகம். பாடியிலும் சிலிண்டரிலும் ஒரே நம்பர் இருந்தால் அதற்குத் தனி மதிப்பு. தோட்டா உள்ளே இருக்கிறதா என்று விவரம் தெரிந்தவரை வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, பழைய லைசென்ஸ் புத்தகத்தைத் தேடி எடுங்கள். ஸ்பிரிங் மெதுவாகக் கிடைக்கட்டும், ஒன்றும் அவசரமில்லை.