எஞ்சின் தட்டுவதை யார் கேட்பது? டர்போவின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தொழில்நுட்ப வரலாறு என்ற பெயரில் நமக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் காப்புரிமைகளின் வரலாறுதான். டர்போசார்ஜர் பற்றி எழுதியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்திலேயே ஆல்ஃபிரட் பியூகி வந்து நிற்பார். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஊர்க்காரர். 1905-ல் காப்புரிமைக்கு எழுதிப்போட்டவர். அடுத்த பக்கத்தில் கப்பல் எஞ்சின், அப்புறம் போர்விமானம், அப்புறம் லாரி, கடைசியில் கார். கட்டத்துக்குக் கட்டம் ஒரு கம்பெனியின் பெயர். காயலான் கடையில் கிடந்த டர்போவைப் பேரம்பேசி வாங்கிவந்து, வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தன் காரில் மாட்டிக்கொண்ட ஆள் இந்தக் கதையாடலில் கிடையாது. இருந்தாலும் ஏதோ ஓர் ஓரத்தில், பொழுதுபோக்குக்காரர் என்ற பட்டத்தோடு.

இந்த விடுபடல் தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை. டர்போவின் கதை அதிகக் காற்றை எஞ்சினுக்குள் எப்படித் திணிப்பது என்பதன் கதை அல்ல. அந்தக் கேள்விக்கான பதில் 1905-லேயே காகிதத்தில் வந்துவிட்டது. அப்படித் திணித்தால் வரும் ஆபத்தை யார் காதுகொடுத்துக் கேட்பது, அந்த அறிவு யாரிடம் இருப்பது என்பதுதான் அதற்குப் பிறகு நடந்தது முழுக்க. அந்த இடத்தில் கொட்டகைக்காரரை விட்டுவிட்டு வரலாறு எழுத முடியாது.

விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகச் சும்மா வெளியே போகிறது. போகிற அந்தப் புகையின் பாதையில் ஒரு சிறு சக்கரத்தை வைத்து, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்தால் அதுதான் டர்போ. முதல் சக்கரத்தைப் புகை சுற்றும். இரண்டாவது சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் தள்ளும். கார் டர்போக்களில் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். காற்று கூடினால் எண்ணெயும் கூடலாம். எண்ணெய் கூடினால் சக்தி கூடும்.

ஆனா காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பெட்ரோல் எஞ்சினில் சூடான கலவை, பிளக்கிலிருந்து கிளம்பிய தீ வந்து சேருமுன் தானாகவே வெடித்துவிடுகிறது. சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரு சத்தம். 'இன்ஜின் தட்டுது' என்பார்கள் மெக்கானிக்குகள். பாரம் ஏற்றிய நிலையில் கொஞ்ச நேரம் தட்டவிட்டால் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். டீசல் எஞ்சினில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே அமுக்கப்படுவது வெறும் காற்று, எண்ணெய் கடைசியில்தான் வருகிறது. டர்போ முதலில் கப்பலிலும் லாரியிலும் குடியேறியதற்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவில் இதைத் தொடங்கிவைத்த சான்ஃபோர்டு மாஸ் இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்கிற ஆள். பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு முன்பே சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பட்டறையில் கைவேலை பழகியவர். பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளர். முதல் உலகப்போரின்போது, உயரே போகப்போக விமான எஞ்சின் மூச்சுத்திணறுகிறதே என்ற பிரச்சினை அவரிடம் வந்தது. 1918-ல் லிபர்ட்டி எஞ்சின் ஒன்றை ஒரு லாரியில் கட்டி, கொலராடோவின் பைக்ஸ் பீக் உச்சிக்கே கொண்டுபோனார்கள். 14,000 அடிக்கு மேல். கீழே 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், உச்சியில் டர்போ இல்லாமல் 230 தந்தது, டர்போவோடு 356. உலகப்போரின் ஆராய்ச்சி என்று சொன்னாலும், லாரியில் கயிறுபோட்டுக் கட்டிய எஞ்சினும் குளிரில் அதைச் சுற்றி நிற்கிற நாலு பேரும் என்று பார்த்தால் அது ஒரு கொட்டகை வேலைதான். கொட்டகைக்குப் பின்னால் ராணுவத்தின் பணம் இருந்தது, அது வேற விஷயம்.

விமான டர்போக்கள் காருக்கு ஆகாத பிரம்மாண்டம். சிறிய டர்போ சாலைக்கு வந்தது 1950-களில், டீசல் வழியாக. காரெட் நிறுவனம் 1954 வாக்கில் கேட்டர்பில்லர் புல்டோசர்களுக்கு டர்போ செய்யத் தொடங்கியது. புல்டோசரும் லாரியும் தேயத் தேய, அவற்றின் டர்போக்கள் காயலான் கடைக்கு வந்தன. வீட்டுப் பட்டறைக்காரரின் வரலாறு இங்கிருந்து தொடங்குகிறது.

1962. அந்த ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு டர்போ கார்களை ஏறத்தாழ ஒரே சமயத்தில் சந்தைக்கு விட்டது. ஒன்று ஷெவர்லே கார்வேர் மான்சா ஸ்பைடர், 150 குதிரைத்திறன். இன்னொன்று ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், 215. கார்வேரில் அமுக்க விகிதத்தை 8:1 என்று இறக்கிவைத்துத் தட்டலைத் தவிர்த்தார்கள். ஜெட்ஃபயரிலோ 10.25:1. டர்போவும் வேண்டும், டர்போ இல்லாத நேரத்து வேகமும் வேண்டும் என்ற ஆசை. தட்டாமல் இருப்பதற்கு ஒரு தனித் தொட்டியில் தண்ணீரும் மெத்தில் ஆல்கஹாலும் கலந்த திரவம்; அதற்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பெயர். அழுத்தம் ஏறும்போது திரவம் காற்றோடு கலந்து தெளிக்கப்பட்டுச் சூட்டைத் தணிக்கும். தொட்டி காலியானால் ஒரு வால்வு அழுத்தத்தைக் கட்டுப்படுத்திவிடும்.

பொறியியலாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் வாங்கியவர்கள் தொட்டியை நிரப்பவில்லை. வண்டி மந்தமாக ஓடுகிறது என்று டீலரிடம் வந்து நின்றார்கள். 1963-ஓடு ஜெட்ஃபயர் நின்றுபோனது. பிறகு கம்பெனியே முன்வந்து டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக்கொடுத்தது. வாகன வரலாற்றாசிரியர்கள் இதை வாடிக்கையாளரின் அலட்சியம் என்று எழுதுகிறார்கள். எனக்கு இது அலட்சியமாகத் தெரியவில்லை. எதுவும் தெரியவேண்டாம், பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள் என்று பழக்கிவைக்கப்பட்ட ஒரு வாடிக்கையாளனிடம், திடீரென்று நீயும் இந்த எஞ்சினில் ஒரு பங்காளி என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? அந்தப் பங்கும் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றுவது என்கிற அளவில்தான். ஏன் ஊற்றுகிறோம், ஊற்றாவிட்டால் உள்ளே என்ன சத்தம் கேட்கும் என்பது அந்தப் பரிவர்த்தனைக்குள் வரவே இல்லை.

கம்பெனி கைவிட்ட அதே தொழில்நுட்பம் அதற்கடுத்த ஆண்டுகளில் கொட்டகைகளில் ஓடியது என்பதுதான் வேடிக்கை. உடைந்த கார்வேர்களிலிருந்து கழற்றிய டர்போக்கள் வேறு வேறு கார்களில் ஏறின. 1976-ல் ஹ்யூ மெக்இன்னஸ் 'டர்போசார்ஜர்ஸ்' என்ற புத்தகத்தையே எழுதினார், தானே மாட்டிக்கொள்கிறவர்களை மனதில் வைத்து.

அந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முதலில் மேனிஃபோல்டு. தடித்த இரும்புக் குழாயை வெட்டி, வெல்டு வைத்து, டர்போவின் வாய்க்குப் பொருந்துகிற ஃப்ளாஞ்சோடு சேர்க்க வேண்டும். 800 டிகிரிக்கு மேல் சூடேறிச் சூடேறி ஆறுகிற இரும்பு என்பதால், வெல்டு சரியில்லை என்றால் விரிசல் விடும். அடுத்தது ஆயில். டர்போவின் தண்டு ஆயில் படலத்தின்மேல் மிதந்துதான் சுற்றுகிறது. எஞ்சின் பிளாக்கிலிருந்து மெல்லிய குழாய் வழியாக ஆயில் வரும். வருவது சுலபம், திரும்பிப்போவதுதான் பாடு. தண்டைச் சுற்றிவிட்டு நுரைநுரையாக வரும் ஆயிலுக்கு அழுத்தம் கிடையாது, தன் எடையால் மட்டுமே இறங்கும். ஆகவே திரும்பும் குழாய் தடிமனாக, வளைவில்லாமல், கீழ்நோக்கி இறங்கி, ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இல்லையென்றால் ஆயில் தேங்கி சீலைத் தாண்டிக் கசிந்து, பின்னால் நீலப்புகை. வேகமாக ஓட்டிவிட்டு உடனே அணைத்தால் சூட்டில் ஆயில் கரியாகிவிடும். நம்ம ஊர் லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிய பிறகும் சற்று நேரம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது இதனால்தான்.

பிறகுதான் நிஜமான வேலை. தடிமனான கேஸ்கட்டோ தலை தாழ்ந்த பிஸ்டனோ போட்டு அமுக்க விகிதத்தை இறக்குவது. டைமிங்கைப் பின்தள்ளுவது. கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டு எண்ணெயைக் கூட்டுவது. வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கை ஐந்தாறு பவுண்டு அழுத்தத்தில் நிறுத்துவது. ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு ஓட்டிப்பார்க்க வேண்டும், காதைத் தீட்டிக்கொண்டு. மேட்டில் ஏறும்போது, கியர் மாற்றும்போது, வெயிலில், மழையில். ஜெட்ஃபயரின் முதலாளிக்குக் கேட்காத சத்தம் இவருக்குக் கேட்டது. இவர் காது விசேஷமானது என்பதல்ல. தட்டினால் உடைவது தான் வெல்டு வைத்த பொருள், தன் ஞாயிற்றுக்கிழமைகள். அந்தச் சத்தத்தின் அர்த்தம் அவர் கையில் இருந்தது.

இதைச் சொல்லும்போது கொட்டகையைத் தொழிற்சாலைக்கு வெளியே இருக்கும் ஏதோ சுதந்திர நிலம் என்று கொண்டாடிவிடக் கூடாது. நம்முடைய சில நண்பர்கள் 'விளிம்பு' என்று கண்டால் உடனே மாலை போட்டுவிடுகிறார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவின் அந்தப் பட்டறைகள் போர் உற்பத்தியின் நிழலில் வளர்ந்தவை. 1946-ல் பில் பர்க் போர்விமானத்தின் எண்ணெய்த் தொட்டியை வாங்கிப் பந்தயக் காராக்கினார். அங்கே வெல்டு வைத்தவர்கள் பலர் பகலில் விமானத் தொழிற்சாலையில் கூலி வாங்கியவர்கள். தவிர, அது ஆண்களின் உலகம், பெரும்பாலும் வெள்ளை ஆண்களின் உலகம். பகலில் கம்பெனி எடுத்துக்கொண்ட திறமை இரவில் தனக்காக வேலை செய்தது என்று மட்டும் சொல்லலாம்.

அந்தத் திறமைக்கு என்ன நேர்ந்தது? சாப் கம்பெனி 1980-களின் தொடக்கத்தில் ஒரு கருவியைக் கொண்டுவந்தது. பேர் ஜில்பிராண்டு என்ற பொறியாளர் உருவாக்கியது. எஞ்சின் பிளாக்கில் ஓர் உணரியைத் திருகிவைத்தார்கள். தட்டல் தொடங்கிய கணத்திலேயே அது மின்சமிக்ஞை அனுப்பும். ஒரு பெட்டி அதைப் படித்து டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும். மட்டமான பெட்ரோல் போட்டாலும் எஞ்சின் தப்பிக்கும். ஜெட்ஃபயர் வாடிக்கையாளனிடம் கேட்டுத் தோற்ற கவனத்தை இப்போது எஞ்சினே தனக்குத்தானே செலுத்திக்கொண்டது. காது பெட்டிக்குள் போய்விட்டது.

ஹாரி பிரேவர்மன் 1974-ல் எழுதிய நூலில், தொழிலாளியின் அறிவு பிரித்தெடுக்கப்பட்டு நிர்வாகத்தின் சொத்தாவதை விவரித்தார். அவரே செம்பு வேலை பழகியவர் என்பது அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். அவர் பார்த்தது உற்பத்தித் தளத்தை. டர்போவில் அதே பிரித்தெடுப்பு நுகர்வின் தளத்தில், வீட்டு வாசலில் நடந்தது என்கிறேன். கில்பர்ட் சிமோந்தோன் இதற்கு முன்பே, 1958-ல், எந்திரத்திலிருந்து மனிதன் அந்நியமாவது உடைமை சார்ந்தது மட்டுமல்ல, எந்திரத்தை அறிகிற உறவு அறுந்துபோவதும்தான் என்று வாதிட்டார். மார்க்சியர்களுக்கு இது அப்போது பிடிக்கவில்லை. இப்போதும் முழுக்கப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. கார் என்னுடையது, ஆனா அதன் காது என்னுடையதில்லை என்கிற நிலைமைக்கு நம்மிடம் வேறு சொல்லும் இல்லை.

நிலைமை சட்டமாகவும் வந்தது. 2015-ல் அமெரிக்காவில் ஜான் டீர் டிராக்டர் கம்பெனி, வாங்கியவருக்கு டிராக்டரின் மென்பொருள்மேல் இருப்பது அதை ஓட்டிக்கொள்ளும் உரிமம்தான் என்று பதிப்புரிமை அலுவலகத்தில் வாதிட்டது. ஜெனரல் மோட்டார்ஸும் விலக்குக் கொடுக்கக் கூடாது என்றது. இருந்தும் பழுதுபார்க்கவும் சட்டத்துக்குட்பட்டு மாற்றவும் விலக்குக் கிடைத்தது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு 2000-ல் திருத்தப்பட்டு, தயாரித்தவர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்றாயிற்று. உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் புகை. நியாயமான நியாயம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, முந்தைய பத்தாண்டில் 5,50,000-க்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக்கட்டுப்பாடு பிடுங்கி எறியப்பட்டிருந்தது. செய்தவர்கள் நம் கொட்டகைக்காரரின் வாரிசுகளும்தான். அந்தக் கரும்புகையைச் சுவாசிக்கிறவனிடம் போய் எந்திரத்தோடு உள்ள உறவு பற்றிப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் 2015 செப்டம்பரில் வெளிப்பட்டது என்ன? ஃபோக்ஸ்வாகனின் டர்போ டீசல் கார்களில், சோதனை நடக்கிறதா என்று பார்த்து, நடந்தால் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை வைத்திருந்தார்கள். உலகமெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகள். பொய் சொன்னது சீல்வைத்த பெட்டி. அதை அம்பலப்படுத்தியது, மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகத்தார் காரின் பின்னால் அளவுக்கருவியைக் கட்டிக்கொண்டு சாலையில் ஓட்டிப்பார்த்த சோதனை. பைக்ஸ் பீக் லாரிக்குத் தூரத்துச் சொந்தம் என்று அதைச் சொல்லலாம்.

கொட்டகைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2000-களின் தொடக்கத்தில் மெகாஸ்குவர்ட் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி சுற்றுப்படத்தோடு வெளிவந்தது. உதிரிகளை வாங்கி, சாலிடரிங் இரும்பால் தானே பற்றவைத்துக்கொள்ளலாம். எண்ணெய், டைமிங் எல்லாம் திரையில் எண்களாக வரும். அதோடு இன்றைக்கும் பலர் இன்னொரு வேலையும் செய்கிறார்கள். ஒரு செம்புக் குழாயின் முனையைத் தட்டி நசுக்கி, துளைபோட்டு, எஞ்சின் பிளாக்கில் போல்ட்டு வைத்து இறுக்குகிறார்கள். மறுமுனையில் ரப்பர் ஹோஸ். ஹோஸ் காருக்குள் வந்து, தொழிற்சாலைகளில் இரைச்சலுக்குப் போடும் காது மூடியில் சேர்கிறது. அதை மாட்டிக்கொண்டு ஒருவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். மற்றவர் ஆக்சிலேட்டரை மிதிப்பார்.