பெரியாரின் எழுத்தும் பழைய வீடியோ கேமும்

திருச்சியில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர் கேட்டார்: "அக்கா, சின்ன வயசுல விளையாடின கேம் இப்போ எங்கேயும் விக்கிறதில்ல. எமுலேட்டர்ல விளையாட டவுன்லோட் பண்ணா அது திருட்டா?"

சட்டம் என்ன சொல்கிறது? விற்பனையை நிறுத்தியதால் மட்டும் பதிப்புரிமை போய்விடாது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளுக்கு ஒரு பாதுகாப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இந்தியச் சட்டத்தில் இடமுண்டு. யாரோ ஏற்றி வைத்ததை இறக்குவது அதில் வராது. ஆனால், 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று சந்தையில் இல்லை என்று 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. உரிமையாளர் விற்கவும் மாட்டார், பிறரைக் காப்பாற்றவும் விடமாட்டார் என்றால் அந்தப் படைப்பு என்ன ஆகும்?

தோழர்களே, இந்தக் கேள்வியை நாம் ஏற்கெனவே சந்தித்திருக்கிறோம்.

பெரியார் 1925 மே 2 அன்று ஈரோட்டில் 'குடிஅரசு' இதழைத் தொடங்கினார். அம்பேத்கரின் சாதி ஒழிப்பு உரையைத் தமிழில் தொடராக வெளியிட்டதும் அந்த இதழ்தான். 1925 முதல் 1938 வரையிலான எழுத்துகளைத் தொகுத்து வெளியிடப் போவதாக 2008இல் பெரியார் திராவிடர் கழகம் அறிவித்தது. உரிமை எங்களுடையது என்று பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2009 ஜூலையில், ஸ்ரீரங்கத்தில் பிறந்த நீதிபதி கே. சந்துரு தடை விதிக்க மறுத்தார். பதிப்புரிமையை ஒருவருக்கு மாற்றித் தர எழுத்துப்பூர்வமான ஆவணம் வேண்டும். பெரியார் அப்படி எழுதிக் கொடுத்ததாக அந்த நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. 2010இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது.

எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. பெரியார் மறைந்தது 1973இல். அந்தக் கணக்குப்படி 2033 முடியும்வரை நாம் காத்திருந்திருக்க வேண்டும். அதற்குள் எத்தனை இதழ்கள் செல்லரித்திருக்கும்?

அயோத்திதாசரை நினைத்துப் பாருங்கள். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பல பத்தாண்டுகள் பொதுப் பார்வையிலேயே இல்லை. சிலர் வீட்டில் பத்திரப்படுத்திய பிரதிகள் இருந்ததால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸின் தொகுதிகள் வர முடிந்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இன்று எழுதும் ஒரு தலித் எழுத்தாளரின் புதுப் புத்தகத்தை வாட்ஸப்பில் பிடிஎஃப்பாக அனுப்புகிறோம். அது பாதுகாப்பு அல்ல, அவருடைய கூலியைப் பறிப்பது.

அந்த மாணவரிடம் இதைத்தான் சொன்னேன்: "நீ செய்யறது சட்டப்படி தப்புதான், அத மறைக்காதே. ஆனா யாரோட கூலி போகுது, யாரோட நினைவு அழியுதுன்னு ரெண்டையும் கேளு. சட்டத்த மாத்தச் சொல்லிப் போராட அந்த ரெண்டு கேள்வியும் வேணும்."