கண்ணாடியும் உறையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

புது ஸ்மார்ட்போன் வாங்கியவர் அடுத்துச் செய்யும் காரியம், அதற்கொரு பேக் கவரும் டெம்பர் கிளாஸும் வாங்குவதுதான். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே போனின் மெல்லிய உடம்பும் பளபளப்பும், யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுத்த நிறமும் ஒரு ரப்பர் உறைக்குள் போய்விடுகின்றன. வாங்குகிறவரின் பயந்த சுபாவம் என்று இதைச் சொல்லிவிடுகிறோம். கைப்பேசியின் வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. முன்பு போனின் உடம்பே செய்துவந்த காவல் வேலையை உற்பத்தியாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி வெளியே வைத்தார்கள். அதைத்தான் நாம் இன்று தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இந்தக் கதையின் இரண்டு முக்கியப் பொருள்களான போன் முகப்பின் கண்ணாடிக்கும் உறை செய்யும் சிலிக்கோன் ரப்பருக்கும் பிறந்த வீடு ஒன்றுதான். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்ற சிற்றூர். அதே பெயரில் அங்கே ஒரு கண்ணாடி நிறுவனம். எடிசனின் மின்விளக்குக்குக் குமிழ் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். பிளாஸ்டிக் வந்து தங்கள் தொழிலைத் தின்றுவிடுமோ என்ற கவலையில், கண்ணாடியின் குணமும் பிளாஸ்டிக்கின் குணமும் கலந்த பொருளைத் தேடுவதற்கென 1930களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் ஹைட் என்ற வேதியியலாளரை வேலைக்கு வைத்தார்கள். இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் கிப்பிங் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, பெரிதாகப் பயன்படாது என்று ஒதுக்கிய சிலிக்கோன் சேர்மங்களில்தான் ஹைட் கைவைத்தார். 1943-ல் சிலிக்கோன் தயாரிப்பதற்கென்றே கார்னிங்கும் டவ் கெமிக்கலும் சேர்ந்து டவ் கார்னிங் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் முதல் சரக்கு, விமான எஞ்சினின் தீப்பொறி அமைப்பில் ஈரம் ஏறாமல் காக்கும் ஒரு களிம்பு. ஆக, சிலிக்கோன் தொழில் தொடங்கியதே இன்னொன்றைக் காக்கும் உத்தியோகத்தில்தான். வேதியியல் உறவும் நெருக்கமானது. கண்ணாடியில் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு வலைபோல இறுகி நிற்கிறது; சிலிக்கோன் ரப்பரில் அதே பிணைப்பு நீண்ட சங்கிலியாக நெளிகிறது.

1960களில் கார்னிங் நிறுவனம் கெம்கார் என்ற பலப்படுத்திய கண்ணாடியைச் செய்து, வாங்க அதிகம் ஆளில்லாமல் பரணில் போட்டது. 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய ஐபோனின் முகப்பு பிளாஸ்டிக். ஜூன் கடைசியில் அது கடைக்கு வந்தபோது முகப்பு கார்னிங்கின் கண்ணாடியாகியிருந்தது. கார்னிங்கின் பழைய ஆராய்ச்சி இப்படித்தான் கொரில்லா கிளாஸாக மறுபிறவி எடுத்தது. செய்முறை எளிது. சோடியம் கலந்த கண்ணாடித் தகட்டைச் சுமார் 400 டிகிரியில் உருகிய பொட்டாசிய உப்பில் முக்குகிறார்கள். சிறிய சோடியம் அயனி வெளியேறிய இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனி நெருக்கியடித்து உட்கார்கிறது. மேற்பரப்பு முழுவதும் அழுத்தத்தில் இறுகுவதால், சட்டைப்பையில் கிடக்கும் சாவி அதை எளிதில் கீறாது. ஆனால் இறுகிய அந்தப் படலம் முடியை விட மெல்லியது. சிமென்ட் தரையில் துருத்தி நிற்கும் ஒரு மணல் துகள் அதைத் துளைத்து உள்ளே இறங்கினால், விரிசல் நொடியில் ஓடிப் பரவுகிறது. கண்ணாடி ‘வலுவானது’ என்று விளம்பரம் சொல்வது பொய்யல்ல. எதற்கு எதிராக வலுவானது என்பதைத்தான் சொல்வதில்லை.

கண்ணாடி முகப்புக்கு முந்தைய போன்களைப் பாருங்கள். 1998-ல் வந்த நோக்கியா 5110-ன் முன்மூடியைக் கையாலேயே கழற்றலாம். கீறல் விழுந்தால் கடையில் பேனல் மாற்றினால் தீர்ந்தது. 2003-ன் நோக்கியா 1100 நம் ஊர்த் தூசியையும் வியர்வைக் கையையும் மனதில் வைத்தே செய்யப்பட்டது: தூசி புகாத விசைப்பலகை, வழுக்காத பக்கங்கள். கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் சிதறும். பொறுக்கி மாட்டினால் பேசலாம். சிதறியதாலேயே அடியின் வேகம் உள்ளே போகாமல் கலைந்தது. அப்போதும் இடுப்பில் லெதர் பவுச் தொங்கியதே, உறை புதிய பழக்கமா என்று கேட்கலாம். பவுச்சின் வேலை வேறு. தூசிக்கும் வியர்வைக்கும் தடுப்பு, பெல்ட்டில் மாட்ட ஒரு கொக்கி, கொஞ்சம் பந்தா. போனை எடுத்துப் பேசும்போது, அதாவது கை நழுவக்கூடிய நேரத்தில், பவுச் இடுப்பிலேயே இருக்கும். விழும் அடியைத் தாங்கும் பொறுப்பை அதனிடம் யாரும் ஒப்படைக்கவில்லை.

தொடுதிரை வந்தால் கண்ணாடி வந்தே தீரும், இதில் உற்பத்தியாளரைக் குறை சொல்வானேன் என்பது பவுச் கேள்வியைவிடக் கனமான வாதம். முன்பக்கத்துக்கு இது முழுக்கப் பொருந்தும். பிளாஸ்டிக் திரை ஒரே மாதத்தில் கோடுகளால் நிறைந்துவிடும். பின்பக்கத்துக்கு என்ன காரணம்? 2010-ல் ஐபோன் 4 முதுகிலும் கண்ணாடி போட்டுக்கொண்டபோது வயர்லெஸ் சார்ஜிங் அதில் இல்லை. அந்த வசதிக்கும் கண்ணாடி கட்டாயமல்ல. உலோகம் இல்லாதிருந்தால் போதும். 2021-ன் கேலக்ஸி எஸ்21 பிளாஸ்டிக் முதுகோடே அப்படி சார்ஜ் ஆனது. நீர் புகாதிருக்க மூடியை ஒட்டவேண்டும் என்ற வாதமும் நிற்காது. 2014-ல் சாம்சங்கின் எஸ்5, கழற்றும் மூடியும் மாற்றும் பேட்டரியும் வைத்துக்கொண்டே நீரைத் தாங்கியது. அடுத்த ஆண்டு எஸ்6-ல் முதுகு கண்ணாடியானது, பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டது, நீர்த்தாங்கும் தரமும் போனது. கடை அலமாரியில் மின்னுவதற்காகச் செய்த தேர்வு இது. பொறியியல் நிர்ப்பந்தம் என்று இதைச் சொல்ல முடியாது.

போனோடு உறையும் சேர்ந்தே இருக்கும் என்று உற்பத்தியாளர்களே நினைப்பதற்குச் சாட்சிகள் பல. ஐபோன் 4-ஐக் குறிப்பிட்ட இடத்தில் பிடித்தால் சிக்னல் விழுகிறது என்று புகார் கிளம்பியபோது, ஆப்பிள் 2010 ஜூலையில் அறிவித்த பரிகாரம், இலவசமாக ஒரு பம்பர் உறை. உடம்பின் குறைக்கு உடையால் வைத்தியம்! 2014-ன் ஐபோன் 6-லிருந்து கேமரா முதுகைவிட்டுத் துருத்தியது. உறை போட்டால்தான் மேஜையில் சமமாகப் படுக்கும். ஷாவ்மி போன்ற நிறுவனங்கள் பல மாடல்களின் பெட்டிக்குள்ளேயே நிறமில்லாத ஓர் உறையைப் போட்டுத் தந்தன. உறை வெறும் அலங்காரம் என்பவர்கள் அந்த உறையைப் பார்க்கவேண்டும். அதில் அலங்காரம் என்று சொல்ல எதுவுமில்லை.

தேர்ந்தெடுக்கும்போது இந்த வரலாறு உதவும். நடைபாதைக் கடையில் சிலிக்கான் கவர் என்று தரும் ஒளிபுகும் உறை பெரும்பாலும் டிபியு என்ற பாலியூரித்தேன். வெயிலில் நாளடைவில் மஞ்சளாகும். அசல் சிலிக்கோன் அவ்வளவு எளிதில் மஞ்சளாகாது, கையில் வழுக்காது. ஆனால் பஞ்சும் தூசியும் ஒட்டும், ஜீன்ஸ் பையிலிருந்து உருவும்போது மல்லுக்கட்டும். எதுவானாலும் பார்க்கவேண்டியது விளிம்பு. போனைக் கவிழ்த்து வைத்தால் திரை தரையைத் தொடக்கூடாது. மணல் துகளுக்கும் கண்ணாடிக்கும் இடையே அந்தச் சிறு இடைவெளிதான் காவல். நான்கு மூலைகளும் தடித்திருக்கவேண்டும். தொய்ந்து கழன்றுவரும் மெல்லிய உறை கீறலைத் தடுக்கும், அவ்வளவே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களுக்கு ஒரு தர முத்திரை கட்டாயமாகியிருக்கிறது. பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பவற்றோடு, மீண்டும் மீண்டும் கீழே விழுந்தால் போன் எவ்வளவு தாங்கும் என்பதற்கும் அதில் ஓர் எழுத்து உண்டு. விழுந்து உடைந்தால் அது வாங்கியவர் பாடு என்று வாரண்டி அட்டைகள் இத்தனை காலமும் கையைக் கழுவின. விழுவதைத் தாங்கும் திறன் இப்போது போனின் தரங்களில் ஒன்றாக, உற்பத்தியாளர் பெயருக்குக் கீழேயே அச்சாகிறது.